காலி நிலமாம்!

அமெரிக்காவுல ஒக்லஹோமாவுல நிலம் பிடிக்க ஜனங்க ஓடின கதையைச் சொல்ற அந்த வீடியோவை இனிமே யாரும் எனக்கு அனுப்பாதீங்க, பார்த்தாச்சு. "எவ்வளவு தூரம் ஓடுறியோ அவ்வளவு காலி நிலம் உனக்கு, ஓசியில!" அதுக்குக் கீழே கமெண்ட்ல ஒரு வரி திருத்தினதுக்கு "வாத்தியார் வந்துட்டாரு"ன்னு நக்கல். சரி, வாத்தியாராவே இருந்துட்டுப் போறேன்.

1889 ஏப்ரல் 22 மதியம் 12 மணிக்கு, அரசு திறந்துவிட்ட நிலத்தைப் பிடிக்கக் குடியேறிகள் ஓடினாங்க, நிஜம். ஆனா ஆளுக்கு 160 ஏக்கர்தான் உச்சவரம்பு. இது என் இடம்னு குச்சி நட்டா மட்டும் போதாது. சர்வே முனைக்கல்லைத் தேடி, அதுல இருக்கிற குறியை வச்சு எந்தத் துண்டுன்னு கண்டுபிடிச்சு, கத்ரி, கிங்ஃபிஷர்ங்கிற ரெண்டு ஊர்ல ஏதாவது ஒண்ணுல இருந்த நில அலுவலகத்துல கட்டணம் கட்டிப் பதியணும். அப்புறம் 5 வருஷம் குடியிருந்து பயிர் வச்சாத்தான் பட்டா. ஒரே துண்டுல ரெண்டு பேர் குச்சி நட்டிருந்தா வழக்குதான். முன்கூட்டியே உள்ளே போய்ப் புதர்ல பதுங்கின கள்ளாட்டக்காரனுக்கு 'சூனர்'னு பேரு. இன்னிக்கு அதுதான் அந்த மாநிலத்தோட செல்லப்பேர்!

காலி நிலமா? இல்லீங்க, காலி பண்ணப்பட்ட நிலம். கிரீக், செமினோல்ங்கிற பழங்குடி மக்கள்கிட்ட இருந்து 1866 ஒப்பந்தத்துல அமெரிக்க அரசு வாங்கினது.

"காசு கொடுத்துத்தானே வாங்கினாங்க?"ம்பீங்க. கணக்கைப் பாருங்க. செமினோல்கள்கிட்ட 21 லட்சம் ஏக்கருக்கு மேல, ஏக்கர் 15 சென்ட். கிரீக்குகள்கிட்ட 30 சென்ட். அந்த கிரீக் நிலத்துல 2 லட்சம் ஏக்கரை அதே செமினோல்களுக்கே திருப்பி வித்தாங்க, ஏக்கர் 50 சென்டுக்கு! நம்ம ரியல் எஸ்டேட் புரோக்கரே கூசிப்போவான்.

"அந்தப் பழங்குடிகளும் அடிமை வச்சிருந்தாங்களே, அமெரிக்க உள்நாட்டுப் போர்ல அடிமை முறைக்காகப் பிரிஞ்ச தெற்கு மாநிலங்களோட சேர்ந்தாங்களே, நிலம் போனா என்ன?"ம்பீங்க. வச்சிருந்தாங்க, சேர்ந்தாங்க. மறைக்கலை. ஆனா ஓபோத்லெயஹோலாங்கிற கிரீக் தலைவர் பின்னாடி வடக்குப் பக்கம் நின்னு, 1861 குளிர்ல கான்சஸுக்கு நடந்தே போன கிரீக்குகளும் உண்டே? அவங்க நிலமும் சேர்ந்துதானே போச்சு? இதுக்கு மட்டும் யாரும் பதில் சொல்ல மாட்டீங்க.

காலி நிலம்னு சொல்றப்ப எனக்கு எரியுறது இன்னொண்ணு. பழங்குடிகளுக்குன்னு ஒதுக்கின கிழக்குப் பகுதிக்கு 'இந்தியன் பிரதேசம்'னு பேரு. அந்த மக்கள் 1905-ல மஸ்கோகிங்கிற ஊர்ல கூடி, 'செக்கோயா'ன்னு தனி மாநிலம் கேட்டு அரசியல் சாசனமே எழுதினாங்க. செரோக்கிங்கிற இன்னொரு பழங்குடி மொழிக்கு எழுத்து உண்டாக்கினவர் பேர் அது. இந்தியன் பிரதேசத்து வாக்காளர்கள் பெருவாரியா ஆதரிச்சாங்க. வாஷிங்டன் கண்டுக்கவே இல்லை.

1907 நவம்பர் 16, அந்த இந்தியன் பிரதேசமும் பக்கத்துல இருந்த ஒக்லஹோமா பிரதேசமும் சேர்ந்து ஒரே மாநிலமான அன்னிக்கு, கத்ரி நூலகப் படிக்கட்டுல ஒரு கல்யாண நாடகம் போட்டாங்க. மாப்பிள்ளை ஒக்லஹோமா பிரதேசம், பொண்ணு இந்தியன் பிரதேசம். தனிக்குடித்தனம்தான் வேணும்னு பொண்ணு ரெண்டு வருஷம் முன்னாடியே ஓட்டுப் போட்டுச் சொல்லியாச்சு. அதுக்கப்புறம் மேளம்.