நெய்வேலி நிலக்கரி ஜெர்மனிக்குப் போகிறதா?

நெய்வேலியின் ராட்சத வெட்டு இயந்திரங்கள் ஜெர்மனிக்காரர்களுக்குச் சொந்தம், அதற்கு ஈடாக நம் பழுப்பு நிலக்கரி கப்பலேறி அங்கே போகிறது என்று ஒரு வாட்ஸாப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

அந்தச் சக்கர வாளி இயந்திரங்களின் தொழில்நுட்பம் ஜெர்மனியில் இருந்து வந்தது உண்மைதான். ஆனால் அவை விலைக்கு வாங்கப்பட்டவை. அதுபோல, 600 மெகாவாட் திறன் கொண்ட முதல் அனல் மின்நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது. உதவி செய்தவர்கள் யாருக்கும் சுரங்கத்தை எழுதிக் கொடுக்கவில்லை. சுரங்கத்தை நடத்தும், 1956-ல் தொடங்கிய என்.எல்.சி. நிறுவனம் இன்றும் ஒன்றிய அரசின் நிலக்கரி அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது, பெரும்பான்மைப் பங்குகளும் அரசிடமே.

சரி, கப்பலில் ஏற்றுவது நடக்கக்கூடியதா? நெய்வேலி நிலக்கரியின் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோவது தண்ணீருக்குக் கூலி கொடுப்பது மாதிரி. குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றும் குணமும் உண்டு. அதனால்தான் மின்நிலையங்களைச் சுரங்கத்தின் பக்கத்திலேயே கட்டினார்கள். தவிர, ஜெர்மனியே உலகில் பழுப்பு நிலக்கரி அதிகம் தோண்டும் நாடுகளில் ஒன்று. ரைன்லாந்தில் அவர்களுக்கே பெரிய சுரங்கங்கள் இருக்கின்றன.

பங்கு விவரத்தைப் பங்குச்சந்தை இணையதளங்களில் யாரும் பார்க்கலாம். உற்பத்தி, விற்பனைக் கணக்கு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இருக்கிறது.

நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு வேலை, இழப்பீடு பற்றி நியாயமான கேள்விகள் உண்டு. இந்தப் பொய் அவற்றைத்தான் மறைக்கிறது. உங்களுக்கு அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள், அனுப்பியவருக்கும் இதைச் சொல்லுங்கள்.