கட்சிக்காரரை மாற்றிக்கொண்ட வக்கீல்

அமெரிக்காவின் தூதராகச் சீனாவுக்குப் போய், சீனாவின் தூதராக அமெரிக்காவுக்குத் திரும்பியவர் ஆன்சன் பர்லிங்கேம். சீனாவின் உற்ற நண்பர் என்று இவரைத் தூக்கி வைப்பவர்கள் உண்டு. சம்பளத்துக்கு விலைபோனவர் என்று திட்டுபவர்களும் உண்டு. கடைசிவரை அவர் வக்கீலாகத்தான் இருந்தார் என்பது என் கட்சி.

1820இல் பிறந்து, 1846இல் ஹார்வர்டில் சட்டம் முடித்து, பாஸ்டனில் தொழில் செய்தவர். 1854இல் நாடாளுமன்றத் தேர்தலில் ஜெயித்தது அமெரிக்கன் கட்சியின் சார்பில். பிழைக்க வந்த வெளிநாட்டவர்களை, முக்கியமாக ஐரிஷ் கத்தோலிக்கர்களை, கண்டாலே ஆகாத கட்சி அது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1856 மே மாதம், அடிமை முறையை எதிர்த்துப் பேசிய செனட்டர் சார்லஸ் சம்னரை செனட் அவைக்குள்ளேயே புகுந்து தடியால் அடித்து வீழ்த்தினார் தென் கரோலினாவின் நாடாளுமன்ற உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ். பர்லிங்கேம் அவையில் எழுந்து புரூக்ஸைக் கோழை என்கிற அளவுக்குக் கிழித்தார். புரூக்ஸ் துப்பாக்கிச் சண்டைக்கு அழைக்க, பர்லிங்கேம் சரி என்று சொல்லிவிட்டு, ஆயுதம் ரைஃபிள், இடம் நயாகராவின் கனடா பக்கம் என்றார். அமெரிக்கச் சட்டம் எட்டாத இடம். அதோடு இவர் குறி தவறாதவர் என்று பெயர் எடுத்தவர். வட மாநிலங்கள் என்ற எதிரிகளின் பகுதியைத் தாண்டி அங்கே போக முடியாது என்று புரூக்ஸ் பின்வாங்கினார். எனக்கு இந்த ஆளைப் பிடித்துப்போனதே இந்த இடத்தில்தான்.

1861இல் லிங்கன் இவரை ஆஸ்திரியாவுக்குத் தூதராக்கினார். ஹங்கேரி விடுதலைக்கு வெளிப்படையாகக் குரல் கொடுத்தவரை வியன்னா ஏற்குமா? மறுத்துவிட்டது. அதனால் சீனத் தலைநகர் பீக்கிங், இன்றைய பெய்ஜிங்.

மேற்கத்தியர்களிடம் அபினிப் போர்களில் அடிபட்டு, கோடை அரண்மனை எரிக்கப்பட்ட சூடு ஆறாத பீக்கிங். அங்கே அவர் செய்ததில் அதிகம் பேசப்படாத ஒன்று: ஹென்றி வீட்டனின் சர்வதேசச் சட்ட நூலைச் சீனத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பாதிரியார் வில்லியம் மார்ட்டினை அரசாங்கத்தாரிடம் அறிமுகப்படுத்தினார். 1864இல் பிரஷ்யப் போர்க்கப்பல் ஒன்று சீனக் கடற்பகுதியில் டென்மார்க் கப்பல்களைப் பிடித்துக்கொண்டபோது, சீனாவின் வெளியுறவைக் கவனித்த இளவரசர் குங் இந்தச் சட்டத்தைக் காட்டியே அவற்றை விடுவிக்க வைத்தார்.

1867இல் பதவியை விட்டுக் கிளம்பியவரிடம், எங்களுக்காகப் பேசப் போகிறீர்களா என்று கேட்டது சீன அரசு. மேற்கத்திய நாடுகளோடு போரின்போது போட்ட தியென்ட்சின் ஒப்பந்தத்தைத் திருத்தும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது. பேரரசர் முன் மண்டியிட்டுத் தலையைத் தரையில் முட்ட மாட்டோம் என்று மேற்கத்தியத் தூதர்கள் அடம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு வெள்ளைக்காரரை நிறுத்தினால் அந்த மரியாதைத் தகராறு கொஞ்ச நாள் தள்ளிப்போகும். ஜிகாங், சுன் ஜியாகு என்ற இரண்டு சீனத் தூதர்களோடு பர்லிங்கேம் புறப்பட்டார்.

1868 ஜூலை 28 அன்று வாஷிங்டனில், சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே, பர்லிங்கேம் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு மனிதன் தன் ஊரையும் எந்த நாட்டுக்கு விசுவாசம் என்பதையும் மாற்றிக்கொள்வது பறிக்க முடியாத உரிமை என்கிறது அதன் ஐந்தாம் பிரிவு. வந்தேறிகளை வெறுத்த கட்சியில் ஜெயித்தவர் போட்ட கையெழுத்து இது! ஆனால் ஆறாம் பிரிவைப் பாருங்கள். சீனர்கள் அமெரிக்காவுக்கு வரலாம், தங்கலாம், குடியுரிமை மட்டும் இதனால் கிடைத்துவிடாது. அமெரிக்கத் தரப்பில் கையெழுத்திட்ட வெளியுறவுச் செயலர் சீவார்ட், அதே நாளில்தான் அமெரிக்காவில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் பதினான்காம் திருத்தம் நிறைவேறியதாக அறிவித்தார். ரயில் பாதை போட ஆள் வேண்டும், குடிமகனாக வேண்டாம் என்ற கணக்கை பர்லிங்கேம் சண்டை போடாமல் ஏற்றுக்கொண்டார் என்பது என் குறை.

இன்னொரு குறை, அவர் வாய். நியூயார்க் விருந்தில், ஒவ்வொரு மலையிலும் பள்ளத்தாக்கிலும் சிலுவை நட வாருங்கள் என்று சீனா பாதிரிமார்களை அழைக்கிறது என்கிற மாதிரி பேசினார். பீக்கிங் அப்படி எதுவும் சொல்லி அனுப்பவில்லை. கட்சிக்காரருக்காக மிகைப்படுத்துவது நீதிமன்றத்தில் செல்லும். ஒரு நாட்டின் பெயரால் செய்தால் பின்னால் யாரோ விலை கொடுக்க வேண்டும். 1870 பிப்ரவரியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிமோனியா அவரைக் கொண்டுபோனது. நான்கே மாதத்தில் தியென்ட்சினில் பிரெஞ்சுத் தூதரக அதிகாரியும் கன்னியாஸ்திரீகளும், பாதிரிமார்கள் மேல் ஆத்திரம் கொண்ட கூட்டத்தால் கொல்லப்பட்டார்கள்.

ஆனாலும் விலைபோனவர் என்ற பழியை நான் ஏற்க மாட்டேன். கம்பெனிகள் சீனர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா தன் அரசியல் சாசனத்திலேயே எழுதியபோது, 1880இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. காட்டிய ஆதாரங்களில் ஒன்று பதினான்காம் திருத்தம், இன்னொன்று பர்லிங்கேம் ஒப்பந்தம். அதே ஆண்டு அமெரிக்கா புது ஒப்பந்தம் போட்டு இதைத் தளர்த்திக்கொண்டது. 1882இல் சீனத் தொழிலாளர்களுக்குக் கதவையே சாத்தியது. அந்தச் சட்டம் நீங்க 1943 ஆயிற்று.