எஞ்சினை அணைத்துவிட்டு ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் பார்க்கலாமா?

"பிக்கப் டிரக்கின் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் எஞ்சின் ஆயில் மாதிரி வண்டியை அணைத்து, ஆறவிட்டுப் பார், குறைந்தால் ஒரு லிட்டர் ஊற்று" என்று ஒரு குறிப்பு சுற்றுகிறது. பெரும்பாலான வண்டிகளுக்கு இது தவறு.

எஞ்சின் நின்றதும் டார்க் கன்வெர்ட்டரில் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) இருக்கும் ஆயிலில் ஒரு பகுதி கியர்பாக்ஸின் அடியில் உள்ள பாத்திரத்துக்கு வடிந்துவிடும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் (டிப்ஸ்டிக்) அளவு கூடுதலாகக் காட்டும். உண்மையில் குறைவாக இருக்கலாம். சமதரையில், வண்டி ஓடிச் சூடானபின், எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். அப்போது கியர் லீவர் பார்க்கிலா நியூட்ரலிலா இருக்க வேண்டும் என்பதை வண்டியின் கையேடு சொல்லும். குச்சியே இல்லாத வண்டிகளும் உண்டு; அவற்றுக்கு முறை வேறு.

சரி, குறைந்தால்? குச்சியின் இரு கோடுகளுக்கு இடையே பல வண்டிகளில் அரை லிட்டர்தான். ஒரு லிட்டரை அப்படியே கவிழ்த்தால் ஆயில் நுரைத்து கியர் வழுக்கும். கையேடு சொல்லும் ரக ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மறுபடி பாருங்கள். கருகிய வாடை வந்தால் ஊற்றுவதே வீண், மெக்கானிக்கிடம் போங்கள்.