கையில் ஒட்டும் சர்க்கரை சென்சார் எல்லாருக்கும் இலவசமா?

பிரான்சின் தீவான ரியூனியனில் உள்ள தமிழ்க் குழுக்களில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: ‘புதிய சர்க்கரை சென்சாருக்கு ஐரோப்பாவின் சிஇ முத்திரை கிடைத்துவிட்டது. இனி ‘கார்த் வித்தால்’ (பிரான்சின் மருத்துவக் காப்பீட்டு அட்டை) காட்டினால் போதும், எந்த நோயாளிக்கும் மருந்துக்கடையில் இலவசம்.’ இது தவறு.

சிஇ முத்திரை இருந்தால் விற்கலாம், அவ்வளவுதான். காசு யார் கொடுப்பது என்பது வேறு கதை. பிரான்சில் ஒரு கருவியை முதலில் உயர் சுகாதார ஆணையம் ஆராயும்; அப்புறம் அது அரசின் காப்பீட்டுப் பட்டியலில் ஏற வேண்டும். ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார் அப்படித்தான் 2017 ஜூனில் ஏறியது. அப்போதும் இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்களுக்கும், ஒரு நாளைக்கு மூன்று இன்சுலின் ஊசியாவது போடுபவர்களுக்கும் மட்டும்தான். 2023இல், அதைவிடக் குறைவாக இன்சுலின் போட்டும் சர்க்கரை கட்டுக்குள் வராத (எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 8 சதவீதமோ அதற்கு மேலோ) இரண்டாம் வகை நோயாளிகளையும் சேர்த்தார்கள். வெறும் மாத்திரையில் இருப்பவர்களை அந்த விரிவாக்கம் தொடவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் அந்த ரகம்தான். ஆசை காட்டி அலைய விடாதீர்கள். டாக்டர் சீட்டும் கட்டாயம்.

சந்தேகம் இருந்தால் பிரான்சின் மருத்துவக் காப்பீட்டு இணையதளமான அமேலியில் பாருங்கள், இல்லையென்றால் மருந்துக்கடையில் கேளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.