4-0ல தோக்கும்போது ஒரு கோலுக்கு எதுக்குடா இந்த ஆட்டம்?

காலையில இருந்து மூணு பேரு அந்த மீம எனக்கே ஃபார்வர்டு பண்ணிட்டாங்க. நன்றி, பாத்துட்டேன். என் ஃபுட்பால் டீமு ஒரு கோல் போட்டதுக்கு, கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி மழையில நின்னு குதிக்கிற ரசிகருங்க 11 பேரு, மேல "எங்க வீட்டு கிரகப்பிரவேசத்துக்கே இத விட கூட்டம்"னு எழுத்து, அது பத்தாதுன்னு ஒருத்தர் தலையச் சுத்தி செவப்பு வட்டம் வேற. போட்டது யாருன்னு குரூப்ல எல்லாருக்கும் தெரியும். பேர் சொல்ல மாட்டேன், அண்ணன்னு மட்டும் வச்சுக்குவோம். நான் லண்டன் டூட்டிங்ல வந்து இறங்குன மொத வாரம் பொன்னி அரிசி எங்க கிடைக்கும்னு கூட்டிட்டுப் போய் காட்டுனவரு, அந்த மரியாதை இன்னும் இருக்கு.

ஆனா அண்ணே, ஆமா, 4-0ல தோத்துட்டு இருந்தோம். ஆமா, 88வது நிமிஷத்துல ஒண்ணு போட்டோம். ஆமா, குதிச்சோம். செவ்வாக்கிழமை ஆபீஸ்ல பல்லு வலின்னு சொல்லிட்டு கிளம்பி, கிளாப்பம் ஜங்ஷன்ல வண்டி மாறி, சர்ரே பக்கம் ஒரு ஊர்ல இறங்கி, நடைபாதையே இல்லாத ரோட்டுல 40 நிமிஷம் நனைஞ்சுக்கிட்டே நடந்து போனவன் அந்த ஒரு கோலுக்குக் குதிக்காம வேற எதுக்குக் குதிப்பான்? கார்னர்ல வந்த பால் அவங்க டிஃபெண்டர் முதுகுல பட்டு, நம்ம சென்டர் பேக் முட்டியில பட்டு, சேத்துல உருண்டு உருண்டு போய் லைனத் தாண்டுச்சு. உள்ள போகுமா நின்னுடுமான்னு எங்களுக்கே தெரியல. அந்த சென்டர் பேக் பகல்ல பாய்லர் ரிப்பேர் பாக்குறவன், மறுநாள் காலையில வேலைக்குப் போகணும். அவன் நேரா எங்ககிட்ட ஓடி வந்து கம்பி வேலிக்கு மேல கைய நீட்டி ஒவ்வொருத்தருக்கா கை குடுத்தான். 11 பேருன்னா சீக்கிரம் முடிஞ்சுரும்ல.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்து ஃபுட்பால்ல எல்லாத்துக்கும் மேல பிரீமியர் லீக், அதுக்குக் கீழ மூணு டிவிஷன், எல்லாம் சேத்து 92 கிளப். அதுக்கும் கீழ இருக்குறது அத்தனையும் நான்-லீக்தான். என் டீமு டூட்டிங் அண்ட் மிட்சம் யுனைடெட். பேர்லதான் டூட்டிங், கிரவுண்டு 2002ல இருந்து மார்டன் பக்கம். கறுப்பு வெள்ளப் பட்டை ஜெர்சி. பழைய கிரவுண்டு சாண்டி லேன்ல இருந்துச்சு, இப்ப அங்க வீடுங்க.

அந்த சாண்டி லேன்லதான் 1959 ஜனவரியில சின்ன டீமு, பெரிய டீமு எல்லாம் மோதுற எஃப்.ஏ. கப் மூணாவது ரவுண்டுல நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டு வந்து 2-0ல பின்னாடி நின்னுச்சு. அப்ப டாப் லெவலான ஃபர்ஸ்ட் டிவிஷன் டீமு அண்ணே, நம்ம ஏரியாவுல. கடைசில 2-2 ஆயிருச்சு, டிராவானதால திரும்ப வச்ச ரீப்ளேல நம்ம ஆளுங்க 3-0ல தோத்தாங்க, அந்த வருஷம் கப்ப அடிச்சதே ஃபாரஸ்ட்டுதான். எங்க கூட வர்ற ஒரு தாத்தா அன்னிக்கு எட்டு வயசுப் பையன், அவங்கப்பா தோள் மேல உக்காந்து பாத்திருக்காரு. இப்பக் கேட்டாலும் தரை உறைஞ்சு போய் இருந்துச்சுன்னுதான் ஆரம்பிப்பாரு, ஏதோ தரைதான் நம்மளத் தோக்கடிச்ச மாதிரி.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். அங்க நான் வரலைன்னா தெரியும்.

அவ்ளோதான். அண்ணனோட டீமு மான்செஸ்டர் யுனைடெட். அவங்க கிரவுண்டு ஓல்டு டிராஃபோர்டுல 74,000 பேர்ல அண்ணன் இல்லைன்னா யாருக்குத் தெரியும்? அவரு இதுவரைக்கும் போனதே இல்ல, அது வேற கதை. வருஷா வருஷம் 80 பவுண்டுக்கு மேல குடுத்து ஜெர்சி வாங்குறாரு, 2013க்கு அப்புறம் பிரீமியர் லீக் பட்டத்தக் கண்ணால பாக்கல, சோஃபால உக்காந்து "நாம" தோத்துட்டோம்ங்குறாரு. அது பாசம். நான் பத்து பவுண்டு குடுத்து மழையில நின்னா அது கோமாளித்தனம். சரி.

"ஆட்டமா அது, பால மேல மேல தூக்கி அடிக்கிறானுங்க"ன்னு சொல்றீங்க. தூக்கித்தான் அடிக்கிறானுங்க. அந்தப் பிட்ச்சுல தரையோட பாஸ் பண்ணிப் பாருங்க, பால் பாதில நின்னுக்கிட்டு உங்களையே பாக்கும். ஆனா இந்த லெவல்ல ஹோம் (உள்ளூரு), அவே (வெளியூரு) ரசிகருங்கன்னு வேலி போட்டுப் பிரிக்க மாட்டாங்க. மொத பாதி ஒரு கோலுக்குப் பின்னாடி நிப்போம், ஹாஃப் டைம்ல ரெண்டு ஊர்க்காரங்களும் கிரவுண்டச் சுத்தி நடந்து எடம் மாத்திக்குவோம், எதிர்ல வர்றவங்களப் பாத்துத் தலையாட்டிட்டுப் போவோம். பிரீமியர் லீக்ல பிட்ச் தெரியுற எடத்துல கைல பியர் இருந்தாலே 1985 சட்டப்படி தப்பு. இங்க எங்க தாத்தா பிளாஸ்டிக் கப்போடதான் நிப்பாரு. எனக்கு பாவ்ரில். மொத தடவ காபின்னு நெனச்சு குடிச்சேன், மாட்டுக்கறிச் சாறாம், மெளகு ரசத்துல எலும்பப் போட்ட மாதிரி. நமக்கென்ன, நாம வியாசர்பாடி.

அப்புறம் அந்தக் கேள்வி. "வெள்ளக்காரன் கூட்டத்துல போய் நின்னு என்னத்த நிரூபிக்கிற, உன்ன அவன் சேத்துக்குவானா?" ரெண்டு வருஷம் முன்ன ஒரு ஊர்ல ஒருத்தன் ஒரு வார்த்த சொன்னான், இல்லைங்கல. பக்கத்துல இருந்தவங்க அவனப் பாத்துக்கிட்டாங்க. அதுக்கு மேல அதப் பத்தி இப்ப எழுதத் தோணல. அண்ணன் ஏன் அதையே திருப்பித் திருப்பிக் கேக்குறாருன்னுதான் புரியல.

"நம்ம ஊரு டீம சப்போர்ட் பண்ணலாமே"ன்னு இன்னொரு தம்பி. டேய், நான் முல்லை நகர் கிரவுண்டுல வெறுங்கால்ல ஆடுனவன்டா. பதினாலு வயசுல ஐ.சி.எஃப் பக்கம் ஒரு மேட்ச், அதுவும் அவே மேட்ச்தான், அப்ப அந்த வார்த்த தெரியாது. எங்க பக்கம் பாக்க வந்த ஒரே ஆளு எங்கப்பா. லோடு எறக்கிட்டு அப்படியே லுங்கியோட வந்துட்டாரு. ஆஃப்சைடுன்னா என்னன்னு தெரியாது, பால் வெளிய போனாக்கூட "ஹேண்டு, ஹேண்டு"ன்னு கத்துனாரு, ரெஃப்ரியே சிரிச்சுட்டாரு. எனக்கு மானம் போச்சு. அஞ்சு கோல்ல தோத்தோம். வர்ற வழியில ஒண்ணுமே பேசல, பன் பட்டர் ஜாம் வாங்கிக் குடுத்தாரு. இப்பவும் வீடியோ கால்ல "இன்னிக்கு டூட்டிங்கு என்னாச்சு"ன்னுதான் மொதல்ல கேப்பாரு. 4-1ன்னு சொன்னேன். "ஒண்ணு போட்டானுங்களா"ன்னாரு. பாருங்க, அவருக்கு அந்த ஒண்ணுதான் காதுல விழுந்துச்சு.

போன பிப்ரவரியில ஜுரம் வந்து நாலு மேட்ச் போகல. அஞ்சாவது மேட்ச்சுக்குப் போனா டிக்கெட் கிழிக்கிற அம்மா கதவுலயே புடிச்சுக்கிட்டு எங்க போயிருந்தன்னு கேக்குறாங்க. தாத்தா எனக்கு எடம் விட்டு நிக்கிறாரு, அங்க சீட்டே கெடையாது, ஆனாலும் ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு எடம் விட்டு நிக்கிறாரு. அதே பிப்ரவரியில நம்ம குரூப்ல 160 பேரு. பொங்கல் போட்டோ, வீட்டு லோன் வட்டி, யாரோ வித்த சோஃபா, எல்லாம் ஓடிட்டுதான் இருந்துச்சு. நான் யாரையும் குத்தம் சொல்லல. எல்லாருக்கும் வேலை இருக்கு. எனக்கும்தான் இருந்துச்சு, பாவம் என் பல்லு.

சரி விடுங்க, மீமுக்கு வருவோம். அண்ணே, ஒரு சின்ன திருத்தம். செவப்பு வட்டம் போட்டுருக்கீங்களே, அது நான் இல்ல. அவரு பங்களாதேஷ் பக்கம் சில்ஹெட்காரரு, பஸ் ஓட்டுறாரு, என்ன விட அரை அடி உயரம், தாடி வேற. நான் அவருக்கு ரெண்டு பேரு தள்ளி, கண்ணாடியில தண்ணியோட நிக்கிறேன்.