அடிக்குறிப்பைப் படித்தவர் அவிசுவாசியா?

ஞாயிறு வேதபாடத்தில் நடந்ததை நான் மறுபடியும் விவரிக்கத் தேவையில்லை. காணொளியைப் பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள். உயிர்த்தெழுந்த இயேசு சீஷருக்குத் தோன்றுவதைச் சொல்லும் மாற்கு 16:9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் மிகப் பழைய சுவடிகளில் இல்லை என்று தம் வேதாகமத்தின் அடிக்குறிப்பு சொல்வதைக் காட்டி, ஓர் இளைஞர் விளக்கம் கேட்டார். அது பிசாசு விதைக்கும் சந்தேகம் என்று மேடையிலிருந்து பதில் வந்தது. கூட்டம் ஆமென் என்றது. அந்த ஆமென்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

வேதத்தை மொழிபெயர்க்க வாழ்நாளைக் கொடுத்தவர்கள் எழுதிவைத்த குறிப்பு அது. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வேதச் சுவடிகளான சினாய்ச் சுவடியும் வத்திக்கான் சுவடியும், பெண்கள் பயந்து கல்லறையை விட்டு ஓடும் 16:8-உடன் மாற்கு நற்செய்தியை முடிக்கின்றன. பழைய சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸும், வேதத்தை இலத்தீனில் தந்த ஜெரோமும் தங்கள் காலத்துச் சுவடிகளைப் பற்றி இதையே எழுதியிருக்கிறார்கள். ஜெரோம் அப்படி எழுதியும், அந்த வசனங்களைத் தம் இலத்தீன் வேதாகமத்தில் விட்டுவைத்தார். அவர்களுக்கும் பிசாசுதான் சொல்லிக்கொடுத்ததா?

அந்த வசனங்களை வெட்டி எறியச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. 2ஆம் நூற்றாண்டிலேயே சபைத் தலைவர் இரேனேயு 16:19-ஐ மேற்கோள் காட்டியிருக்கிறார். அவ்வளவு பழமையான பகுதியைச் சபை வாசித்துவருவதில் எனக்கு மறுப்பில்லை. கேட்டவரை அவிசுவாசி ஆக்காதீர்கள் என்பது மட்டுமே என் பேச்சு.

எளிய விசுவாசிகள் குழம்பிவிடுவார்களாம். என் தாயார் அதிகம் படிக்காதவர். இயேசுவைச் சிலுவையில் அறைந்தது மூன்றாம் மணி என்னும் மாற்கு 15:25-இல் ஒரு விரலும், பிலாத்துவின் முன் அவர் நின்றபோதே ஏறக்குறைய ஆறாம் மணி என்னும் யோவான் 19:14-இல் இன்னொரு விரலும் வைத்துக்கொண்டு, இது எப்படி என்று என்னிடம் கேட்டவர். விடை கிடைக்காமலே அன்றிரவும் முழங்காலில் நின்றார். அவர் விசுவாசத்தில் என்ன குறைந்துவிட்டது?

அந்தக் கேள்வியோடுதான் நான் கிரேக்கம் படிக்கப் போனேன். படிப்பு ஏற ஏற ஜெபம் இறங்கும் என்று ஓர் ஊழியர் என் முகத்துக்கு நேரே சொன்னார். என் ஜெபத்தை அவர் எங்கே நின்று அளந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் 17:11 மெச்சுகிறது. நம் சபைகளில் ஆராய்கிறவனுக்குக் கிடைப்பது பிசாசுப் பட்டம்.

அந்த இளைஞரைத் தேடிப் போய் அவரோடு உட்கார்ந்து அந்த அதிகாரத்தை வாசியுங்கள். உங்களால் இயலாவிட்டால் என்னிடம் அனுப்புங்கள்.