எழுத்தர் இல்லை, எழுத்தாளர்

வீட்டுக்காரர்: தம்பி, மேல்வீட்டை மகள் பெயருக்கு செட்டில்மெண்ட் செய்யலாம் என்று இருக்கிறேன். பத்திரத்தை நீங்களே எழுதிவிடுங்கள். உங்கள் ஃபீஸை வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

நான்: நானா? மேல்வீட்டையா? (அதில் குடியிருப்பதே நான்தான்.)

வீட்டுக்காரர்: வீடு பார்க்க வந்தபோது "எழுதுகிறேன்" என்றீர்களே. ரிஜிஸ்தர் ஆபீஸ் பக்கம் மேஜை போட்டிருக்கிறீர்கள் போல என்றுதானே அட்வான்ஸில் ஒரு மாதம் குறைத்தேன்!

நான்: ஐயா, அது ஆவண எழுத்தர். நான் எழுத்தாளர். கதை எழுதுகிறேன்.

வீட்டுக்காரர்: பத்திரத்திலும் பாதி கதைதான். அது கிடக்கட்டும், வேலை?

நான்: அதுதான் வேலை. முன்பு ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினேன். நாவல் நகரவில்லை என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர்: அங்கே எழுதியதற்கு ஒன்றாம் தேதி சம்பளம். இதற்கு?

நான்: ராயல்டி. விலையில் பத்து சதவீதம். புத்தகம் 300 ரூபாய், எனக்கு 30.

வீட்டுக்காரர்: எத்தனை போயிற்று?

நான்: போன வருஷம் 212.

வீட்டுக்காரர்: (விரலே மடக்காமல்) 6,360. எழுத எத்தனை நாள் ஆயிற்று?

நான்: மூன்று வருஷம்.

வீட்டுக்காரர்: வாடகை 9,000. மூன்று வருஷம் எழுதியும் ஒரு மாத வாடகை தேறவில்லை. சரி, ஒரு புத்தகம் கொடுங்கள், என்னதான் இருக்கிறது என்று பார்க்கிறேன்.

நான்: 270 ரூபாய். சென்னைப் புத்தகக் கண்காட்சியில் கொடுக்கிற அதே பத்து சதவீதத் தள்ளுபடி உங்களுக்கும்.

வீட்டுக்காரர்: அப்படியா? எழுதினவருக்கும் பத்து, வாங்குகிறவனுக்கும் பத்து. மூன்று வருஷம் உட்கார்ந்தவரும் ஸ்டாலில் மூன்று நிமிஷம் நின்றவனும் ஒன்றா?

நான்: (இதை இப்படி நான் யோசித்ததே இல்லை.) பணத்தை வைத்து இலக்கியத்தை அளக்கக் கூடாது ஐயா. சுந்தர ராமசாமி என்று ஒருவர் இருந்தார்...

வீட்டுக்காரர்: அவருக்கு வேலை?

நான்: நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. அவரை விடுங்கள். மௌனி?

வீட்டுக்காரர்: வேலை?

நான்: சிதம்பரத்தில் அரிசி ஆலை.

வீட்டுக்காரர்: பேரே மௌனி, ஆலைச் சத்தத்தில் எப்படி எழுதினாரோ! மேலே சொல்லுங்கள்.

நான்: தி. ஜானகிராமன். பள்ளிக்கூட வாத்தியார், அப்புறம் வானொலி. சுஜாதா, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். கி. ராஜநாராயணன், இடைசெவலில் விவசாயம்.

வீட்டுக்காரர்: விவசாயமா? அப்படியானால் அவருக்கு ரெண்டு பக்கமும் அடி.

நான்: கல்கியைப் பாருங்கள், எழுத்தேதான் வாழ்க்கை.

வீட்டுக்காரர்: கல்கி பத்திரிகை அவருடையதுதானே?

நான்: ஆமாம். 1941-இல் ஆரம்பித்தார்.

வீட்டுக்காரர்: முதலாளி என்று சொல்லுங்கள். கடை, மில், பத்திரிகை ஒன்றும் இல்லாத ஆள் ஒருவரைக் காட்டுங்கள்.

நான்: புதுமைப்பித்தன். பத்திரிகை வேலைகள் பார்த்தார், அதை விட்டுவிட்டு சினிமாவுக்கு எழுதப் போனார்...

வீட்டுக்காரர்: என்ன ஆனார்?

நான்: 1948-இல் காசநோய். 42 வயது.

(கொஞ்ச நேரம் இருவரும் மாடிக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.)

வீட்டுக்காரர்: அந்தக் கொடியில் எட்டுப் பொன்னாடை காய்கிறதே, எந்தக் கட்சி என்று கேட்க நினைத்திருந்தேன்.

நான்: கல்லூரிகளில் பேசக் கூப்பிடுவார்கள். அங்கே போர்த்தியது.

வீட்டுக்காரர்: பஸ் காசு?

நான்: அதைக் கேட்டால் நன்றாக இருக்குமா? இலக்கிய சேவை.

வீட்டுக்காரர்: மைக்செட்காரனுக்குக் கொடுத்தார்களா?

நான்: கொடுத்தார்கள். என் கண்ணெதிரில்தான் எண்ணிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்காரர்: சாப்பாடு போட்ட ஆளுக்கு? பேனர் கட்டினவனுக்கு?

நான்: எல்லாருக்கும்.

வீட்டுக்காரர்: அப்படியானால் அந்த இலக்கியக் கூட்டத்தில் இலக்கியத்துக்கு மட்டும்தான் காசு இல்லை. துண்டையாவது கொஞ்சம் நீளமாகக் கொடுக்கச் சொல்லுங்கள், ஜன்னலுக்குப் போட உதவும்.

நான்: போட்டிருக்கிறோம். சமையல்கட்டு ஜன்னலுக்கு.

வீட்டுக்காரர்: ஆனால் தம்பி, வாடகை மட்டும் தேதி தவறாமல் வருகிறதே. அது எப்படி?

நான்: என் மனைவி டீச்சர்.

வீட்டுக்காரர்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மில், ஜவுளிக்கடை எல்லாம் சுற்றி வந்திருக்க வேண்டாமே. எழுத்தாளருக்கு வேலை வேண்டும், அதை வீட்டில் வேறொருவர் பார்த்தாலும் போதும். புத்தகத்தில் அந்தம்மா பேர் இருக்கிறதா?

நான்: சமர்ப்பணம் வந்து... "என் நண்பர்களுக்கு" என்று போட்டிருக்கிறேன்.

வீட்டுக்காரர்: வாடகை கட்டியது நண்பர்களா?

நான்: ...

வீட்டுக்காரர்: (படியிறங்கிக்கொண்டே) அந்தம்மா ஸ்கூல் விட்டு வந்ததும் கீழே வரச் சொல்லுங்கள். சித்திரையிலிருந்து வாடகையை ஐந்நூறு ஏற்றலாம் என்று இருக்கிறேன். அதை வேலைக்குப் போகிறவர்களோடுதான் பேச முடியும்.